நான்கு மில்லிமீட்டர்: கவுன்சிலின் திட்ட அனுமதிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு யன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட நீங்கள் அனுமதி மறுத்ததைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்று தடவையும் உங்கள் கணினி எனக்கு நன்றி சொன்னது. மனிதர் எவரும் பதில் எழுதவில்லை. படிக்கப்படாத கடிதத்தை எந்த மொழியில் எழுதினால் என்ன? எங்கள் தெருவில் சில தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களாவது படிக்கட்டும்.

விண்ணப்பமும் வரைபடங்களும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. எட்டு வாரத்தில் தரவேண்டிய முடிவைப் பத்தொன்பதாவது வாரத்தில் தந்தீர்கள், அதையும் விடுகிறேன். மறுப்புக் கடிதத்தின் ஒரு வரியைத்தான் என்னால் விடமுடியவில்லை. வீதியைப் பார்த்த யன்னல்களில் கண்ணாடிகளைப் பிரிக்கும் மரச் சட்டம் இப்போது 18 மில்லிமீட்டர் அகலம். இரட்டைக் கண்ணாடியைத் தாங்க நான் கேட்டது 22. இந்த வித்தியாசம், பழைய தோற்றத்தைக் காக்கவென்று நீங்கள் வகுத்த பாதுகாப்பு வலயத்தின் தன்மைக்கு ஊறு விளைவிக்கும் என்கிறீர்கள். அன்றிரவு சமையலறையில் ஒரு துவரம் பருப்பை எடுத்து அளந்து பார்த்தேன். பருப்பு பெரியது.

அந்த யன்னல்களுக்குப் பின்னால் என் அம்மா படுக்கிறார். வயது எழுபத்தெட்டு. வீடு 1911இல் கட்டியது. சுவருக்குள் இடைவெளி விட்டுக் கட்டும் வழக்கம் பரவலாவதற்கு முந்தியது. ஒன்பது அங்குல முழுச் செங்கல், ஒற்றைக் கண்ணாடி. நவம்பர் தொடங்கிவிட்டால் இரவு முழுவதும் அவர் விடும் மூச்சு காலையில் கண்ணாடியில் நீராக வழிகிறது. ஆறரைக்கு எழுந்து, யன்னல் விளிம்பில் விரித்த துவாய்களைக் கிண்ணத்தில் பிழிகிறார். ஒரு நாள் ஆர்வத்தில் அளந்தேன்: அரை லீட்டருக்குச் சற்றுக் குறைவு. அலுமாரியை நகர்த்தினால் பின்சுவரில் கரும் பூஞ்சணம். துடைக்கிறோம், வண்ணம் பூசுகிறோம், தை மாதம் பிறக்குமுன் அது திரும்பி வந்துவிடுகிறது. சென்ற குளிர்காலத்தில் மருத்துவர் அவருக்கு இரண்டாவது இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். "இந்த நாட்டில் வெளியேதானே மழை பெய்யும் என்று சொன்னாய்?" என்று துவாயைப் பிழிந்தபடியே கேட்கிறார் அம்மா. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் அறியத் தாருங்கள்.

உள்பக்கம் இன்னொரு கண்ணாடி பொருத்தலாமே, அதற்கு அனுமதியே தேவையில்லையே என்று உங்கள் அதிகாரி தொலைபேசியில் அன்பாகச் சொன்னார். ஓர் அறையில் பொருத்தியும் பார்த்தோம். காற்று வேண்டுமென்றால் முதலில் உள்கண்ணாடியைத் தள்ளவேண்டும், பிறகு நூறு வருடப் பழைய யன்னலை மேலே தூக்கவேண்டும். மூட்டுவாதம் வந்த அம்மாவின் மணிக்கட்டால் அது முடியாது. அவர் திறப்பதை நிறுத்திவிட்டார். பூஞ்சணத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நான் பிளாஸ்டிக் யன்னல் கேட்கவில்லை. அதே மரம், அதே வண்ணம், அதேபோல மேலும் கீழும் நகரும் யன்னல். 14 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய இரட்டைக் கண்ணாடிக்கு மட்டும் அனுமதி தாருங்கள். எங்கள் வீடு வரலாற்றுச் சிறப்புக்காகச் சட்டப் பட்டியலில் சேர்த்த கட்டடம் அல்ல என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தெரிந்துதானே வாங்கினாய் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். கதவுக்கு மேலுள்ள வண்ணக் கண்ணாடிக்கும், சிவப்புச் செங்கல்லுக்கும், வீட்டுக்கு வீடு நிற்கும் வேலிச்செடிக்கும் மயங்கித்தான் வாங்கினோம். தரகர் அவற்றை "மூல அம்சங்கள்" என்று விளம்பரப்படுத்தினார். அந்த இரண்டு சொல்லுக்கும் சேர்த்தே விலை கொடுத்தோம். ஆர்ட்டிக்கிள் 4 ஆணை இருக்கிறது என்று சட்டத்தரணியின் அறிக்கை ஒரு வரியில் சொன்னது. மற்றவர்கள் கேட்காமலே செய்யக்கூடியதை நாம் கேட்டுச் செய்யவேண்டும், அவ்வளவுதான் என்று அவர் விளக்கினார். கேட்டால் கிடைக்கும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். இப்படிப்பட்ட விண்ணப்பத்துக்கு 2018 வரை கட்டணமும் இல்லையாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

ஆனால் எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளிப் பாருங்கள். பளபளக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் யன்னல்கள். யாரும் உங்களிடம் கேட்கவில்லை. 2024 ஏப்ரலுக்கு முன் முடிந்த வேலை, நான்கு வருடமும் கடந்துவிட்டது, இனி நடவடிக்கை எடுக்க முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்டவருக்கு மறுப்பு, கேளாதவருக்குக் காலாவதி. பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் இந்த வாரம் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். வீதி முனையில் இருக்கும் உங்கள் சொந்தக் கட்டடத்தின் அலுமினிய யன்னல்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. காலநிலை அவசரநிலை அறிவித்த சுவரொட்டி அந்தக் கண்ணாடியில்தான் ஒட்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு போன்ற தோட்டப் புறநகர்கள், அதாவது மரமும் வேலிச்செடியும் சூழத் திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்புகள், எதற்காக எழுந்தன? 1907இல் ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகரைத் தொடங்கிய ஹென்றியட்டா பார்னெட், அதற்கு முன் பல வருடங்கள் கிழக்கு இலண்டனின் வைட்சப்பலில் ஏழைகளிடையே வேலை செய்தவர். நெரிசலையும் புகையையும் பார்த்துவிட்டு வந்தவர். மனிதர்கள் வெளிச்சத்தோடும் நல்ல காற்றோடும் வாழவேண்டும் என்பதற்காகத்தான் வேலிச்செடியும் அகன்ற யன்னலும் வந்தன. எங்கள் தெருவும் அந்த எண்ணத்தைப் பார்த்துப் போட்டதுதான். இன்று யன்னல் பத்திரமாக இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு மூச்சு வாங்குகிறது. பாதுகாப்பு வலயங்களுக்கான 1990ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம் உங்களிடம் கேட்பது வலயத்தின் தன்மையை "பேணுதல் அல்லது மேம்படுத்துதல்". அந்த "அல்லது" உங்கள் கண்ணில் எப்போதாவது பட்டதா? ஆப்பிள் மரக்கிளை ஒன்றை வெட்டுவதற்கு நாங்கள் ஆறு வாரம் முன்னதாக அறிவித்தல் தருகிறோம். முறைப்படி, முணுமுணுக்காமல். அம்மா ஒரு மரமாக இருந்திருந்தால் யாராவது ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்திருப்பார்.

மன்னிக்கவும். கோபத்தில் எழுதுவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

தாழ்மையுடன் கேட்பது இதுதான். பட்டியலில் இல்லாத வீடுகளின் மர யன்னல்களில் மெல்லிய இரட்டைக் கண்ணாடிக்கு அனுமதி தாருங்கள். எங்களுக்கு மட்டுமல்ல, எத்தனை மில்லிமீட்டர் வரை ஏற்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுங்கள். மேன்முறையீட்டுக்கு உள்ள பன்னிரண்டு வாரத்தில் ஐந்து போய்விட்டது. அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை. உங்கள் வழக்கறிஞரின் சம்பளமும் என் வரியில்தான் போகிறது.

அதற்கு முன் உங்களில் ஒருவர் ஒரு நாள் காலை ஆறரைக்கு வாருங்கள். அளவுகோலையும் கொண்டுவாருங்கள். தேநீர் தயாராக இருக்கும். துவாய் பிழிய இன்னொரு கை இருந்தால் அம்மாவுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பாதுகாப்பு வலயத்தில் வசிக்கும் ஒருவன்