அப்பாவின் ஆட்களுக்கு ஒரு நன்றி மடல்

அப்பாவின் 31ஆம் நாள் கிரியைகள் முடிந்துவிட்டன. இந்த நேரத்தில் பத்திரிகையில் போடுகிற நன்றி நவிலலின் வசனங்கள் எல்லோருக்கும் பாடம்: செய்தி கேட்டு ஓடோடி வந்தோர், மலர்வளையம் சார்த்தியோர், தொலைபேசியில் துயர் பகிர்ந்தோர், இன்னோரன்ன உதவிகள் புரிந்தோர். அதைத்தான் நானும் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆருக்கோ எழுதின மாதிரி இருக்கு பிள்ள. அப்பாட ஆக்களுக்கு எழுது" என்றார்.

அப்பாவின் ஆட்கள் என்றால் உதைபந்தாட்ட மைதானத்து ஆட்கள். இனசனம் கோபிக்க வேண்டாம், உங்களுக்கான நன்றியை வீடு வீடாக வந்து சொல்வோம்.

செத்தவீட்டன்று முற்றத்தில் நின்றவர்களில் பாதிப் பேரை எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவராக அம்மாவிடம் வந்து, "நான் அண்ணனோட ரைட் விங் விளையாடினனான் அக்கா", "நான் கோல் கீப்பர், பெனால்டி பிடிச்சுக் கைவிரல் முறிஞ்சது நான்தான்" என்று சொன்னார்கள். ஒருவர்கூடப் பெயர் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அது தேவைப்படவில்லை. நாற்பது வருடமாக அவர் கேட்ட கதைகளில் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள். ஆகையால் இந்த மடலிலும் பெயர்கள் இல்லை. உங்களை உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி அந்த ரைட் விங்குக்கு. அப்பாவின் சிறுநீரகம் பழுதான பிறகு கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும், ஒவ்வொரு தரமும் நான்கு மணித்தியாலம். விடிய முதலே ஓட்டோவுடன் படலையில் நிற்பீர்கள். கூலி கேட்டால் "பிறகு பாப்பம்" என்பீர்கள். அப்பா உள்ளே படுத்திருக்கிற நேரம் வேறு ஓட்டம் ஓடி நாலு காசு பார்த்திருக்கலாம். ஒருநாளும் போகவில்லை. வாசல் வாங்கில் இருந்து பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும் வழியில் அவருக்கு ஒப்புவிப்பீர்கள். ஊசி குத்திய கை வலிக்கும்போதும் அப்பா உங்களோடு சண்டை பிடித்தது எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

தோடம்பழம் கொண்டுவந்த எல்லோருக்கும் நன்றி. இடைவேளையில் வாளி நிறையத் தோடம்பழத்தை நாலாகப் பிளந்து பெடியன்களுக்குக் கொடுத்தவர் அப்பா. அதனால் அவரைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் அதையே வாங்கி வந்தீர்கள். பொட்டாசியம் கூடின பழம், இந்த வருத்தக்காரருக்கு ஆகாது. செவ்விளநீரும் அப்படித்தான். தண்ணீரையே போத்தலில் அளந்துதான் கொடுத்தோம். ஆனால் வந்தவர் மனம் நோகக் கூடாதென்று எங்களைச் சொல்லவே விடமாட்டார். நீங்கள் போனதும், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, தன் கையால் உரித்துச் சுளை சுளையாகக் கொடுப்பார். ஒரு பழமும் வீணாகவில்லை.

இரத்தம் கொடுக்க வந்த இளம் ரீமுக்கு. ஒரே நாளில் அத்தனை பேரும் வந்து வரிசையில் நின்றீர்கள். கொடுத்தவர்களை அன்றைக்கு மைதானத்தில் இறக்கக் கூடாதென்று கட்டிலில் கிடந்தபடியே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். பின்னேரப் போட்டியில் நீங்கள் தோற்றதாகக் கேள்வி. அதற்கும் சேர்த்து நன்றி.

கிண்ணியாவிலிருந்து வான் பிடித்து வந்த நானாமாருக்கு, எங்கள் முஸ்லிம் அண்ணன்மாருக்கு, என்ன சொல்ல? 2009இல் பாலம் திறக்க முதல் கிண்ணியாவுக்குப் 'பாதை' என்கிற மிதவையில்தான் கடக்க வேண்டும். அந்தக் காலத்திலேயே மத்தியஸ்தராக அங்கே போய்வந்தவர் அப்பா. கடைசி நிமிடத்தில் ஊர் ரீமுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்துவிட்டு, சனம் கூச்சல் போட, பந்தைக் கையில் பிடித்தபடி நின்ற கதையை அவர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஆகக் கூடுதலாகக் கத்தின மனிதர்தான் அன்றிரவு அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு, வட்டிலப்பத்தையும் கட்டிக் கொடுத்து அனுப்பினாராம். அந்த வட்டிலப்பம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஊர் பிரிந்து கிடந்த வருடங்கள் அவை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் தேத்தண்ணியும் பணிசும் சோற்றுப் பார்சலுமாக எங்கள் பந்தலைப் பார்த்துக்கொண்டதும் நீங்கள்தான். கந்தளாயிலிருந்து வந்த சிங்கள மத்தியஸ்தர் ஐயா தன் விசிலை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அவருக்கு இந்த மடலை யாராவது வாசித்துச் சொல்லுங்கள்.

விளையாட்டுப் பைத்தியம் பிடித்த ஆண்களைக் கட்டிய பெண்கள் படும் பாடு ஊரறிந்தது. அம்மாவுக்கு அந்தக் குறையே இருக்கவில்லை என்று எழுதினால் அவரே சிரிப்பார். ஆனால் டிப்போவில் பிற்றர் வேலை முடித்து, மெக்கெய்சர் மைதானத்திலோ ஏகாம்பரம் மைதானத்திலோ மண் குளித்தவர், விளக்கு வைக்க முதல் வீட்டில் நிற்பார். வென்றால் கொண்டாட்டம், தோற்றால் ஆறுதல் என்று போத்தலோடு கூடுகிற கூட்டத்தில் அவர் இருந்ததில்லை. அணியின் சேர்ட்டுகள் எங்கள் கிணற்றடிக்குத்தான் வரும். அம்மாவைத் தொட விடமாட்டார், தானே ஊறப்போட்டுத் தானே கும்முவார். அம்மாவுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு வருத்தம். மாரி காலத்தில் இரவு முழுக்க முதுகு தடவிக்கொண்டு இருந்துவிட்டுக் காலையில் எங்கள் மூவருக்கும் தலை இழுத்து, சாப்பாடு கட்டிப் பள்ளிக்கூடம் ஏற்றுவார். அவர் பின்னுகிற பின்னல் கோணல்தான்.

மைதானத்துக்குக் கோடு போடும் கயிறு ஒன்று வீட்டில் இருந்தது. தும்புக் கயிறு. 9.15 மீற்றரில் ஒரு முடிச்சு, அது நடுவட்டத்துக்கு. 11 மீற்றரில் சிவப்புத் துணி கட்டிய முடிச்சு, பெனால்டிப் புள்ளிக்கு. ஒரு முனையில் முளை அடித்து, மறுமுனையை இழுத்துப் பிடித்துச் சுற்றிவர, பின்னால் நாங்கள் பால்ப்பேணியில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு போவோம். கயிறு தளர்ந்தால் வட்டம் நெளிந்துவிடும். நெளிந்தால் அழித்துவிட்டு முதலிலிருந்து. மழை நாளில் அம்மா அதைத் துணிக்கொடியாகக் கட்டிவிடுவார். ஈரத்தில் அளவு மாறிப்போகும் என்று அப்பா புறுபுறுத்தபடி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு அடிக்கோலால் மறுபடி அளப்பார். போட்டி முடிந்த சில ஞாயிறுகளில் எல்லோரையும் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக் கூட்டிப்போவார். ஏழு கிணற்றிலும் எது அதிகச் சூடு என்று பந்தயம் பிடித்து நாங்கள் ஊற்ற, அவர் வீங்கிய கணுக்காலை நீட்டிக்கொண்டு இருப்பார்.

பெண் பிள்ளைகள் மைதானத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு அப்பா பதில் சொன்னதில்லை. எங்களுக்கு எதிர்வீரசிங்கத்தின் கதையைச் சொல்லுவார்: யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பெடியன், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்தவர். 2018இல் தர்ஜினி சிவலிங்கம் கோல் ஷூட்டராக விளையாடிய இலங்கை அணி சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் எடுத்தபோது, தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்துக் கதைக்க முடியாமல் அழுதார். அவளும் ஒருகாலத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் கோல் ஷூட்டர். எங்கள் உயரத்துக்கு அது எட்டாத பதவி என்று எல்லோரும் சொன்ன நேரம், வீட்டுப் பின்சுவரில் வளையம் அடித்துக் கொடுத்தவர் அவர்.

2022 உலகக் கிண்ண இறுதிப் போட்டியைப் பேரப்பிள்ளைகளோடு பார்த்தார். மூன்றுக்கு மூன்று என்று சமநிலையாகிப் பெனால்டிக்குப் போனதும், சின்னவன் பயத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டான். "கண்ணத் திறடா, கீப்பர்ட காலைப் பார்" என்றார். ஆர்ஜென்டினா 4–2 என்று வென்றது. அவன் இப்போது கீப்பராகத்தான் நிற்கிறான்.

வாட்டில் அவரைப் 'பொறுமையான அப்பா' என்று கூப்பிட்ட தாதிமாருக்கும், விளங்கும்படி தமிழில் சொல்லித் தந்த டொக்டருக்கும், பந்தல் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், வெளிநாட்டிலிருந்து வர முடியாமல் இரவிரவாக எடுத்துக் கதைத்த பழைய அணித் தோழர்களுக்கும் எங்கள் நன்றி.

இரண்டு விசயங்கள். பந்துகள், பம்பு, வலை, அந்தக் கயிறு எல்லாவற்றையும் கழகத்தில் ஒப்படைத்துவிட்டோம், தேவையானவர்கள் அங்கே கேட்டு எடுக்கலாம். அப்பாவிடம் சப்பாத்து வாங்கவோ நுழைவுக் கட்டணம் கட்டவோ காசு வாங்கியவர்கள் திருப்பித் தருகிறோம் என்று வந்தீர்கள். வேண்டாம், அவர் அதைக் கணக்கில் எழுதி வைக்கவில்லை. அவர் யாருக்காவது கொடுக்க வேண்டி இருந்தால் கூச்சப்படாமல் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லுங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்தால் தேத்தண்ணியும் உண்டு.

இங்ஙனம்,
மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்
திருகோணமலை