வெளியூர் போனால் உங்கள் நெல்லைப் பதிப்பை எடுத்து வைக்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "மதுரையில நாலு நாள் இருந்தேன், அதே தினமலர்தான் வாங்கினேன், நம்ம ஊர்ச் செய்தி ஒண்ணையும் காணோமே" என்று மாதப் பணம் கட்ட வரும்போது பலரும் கேட்கிறீர்கள். நீங்கள் அங்கே வாங்கியது மதுரைப் பதிப்பு. பேர் ஒன்றுதான், உள்பக்கங்கள் வேறு.

வயதில் நம்முடையதுதான் மூப்பு. டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6-ம் தேதி தினமலரைத் தொடங்கியது திருவனந்தபுரத்தில். திருவிதாங்கூரில் இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் சூடாக இருந்த நேரம் அது. நாகர்கோவில் பக்கத்து நாஞ்சில் நாட்டுக்காரரான அவருக்கு அது சொந்த ஊர்ப் பிரச்சினை. 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு வரை போனது. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் பிறந்தது, செங்கோட்டை நம் மாவட்டத்தோடு சேர்ந்தது. மறு வருடமே, 1957-ல், பத்திரிகை திருநெல்வேலிக்குக் குடிவந்துவிட்டது. திருச்சிப் பதிப்பு 1966-ல், சென்னை 1979-ல், மதுரை 1980-ல்தான்.

இதில் ஒரு விசேஷம். திருச்செந்தூர் பக்கம் காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942-ல் தினத்தந்தியைத் தொடங்கியது மதுரையில். நம் மண்ணின் மனிதர் அங்கே போய் ஆரம்பித்தார், நாஞ்சில் நாட்டுக்காரர் இங்கே வந்து ஊன்றினார்.

அன்றைய நெல்லை மாவட்டம் செங்கோட்டை மலையடிவாரத்திலிருந்து தூத்துக்குடி கடற்கரை வரைக்கும். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் பிரிந்தாலும், இன்றைக்கும் நம் கடைக்கு வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்த மண்ணின் செய்தியைத்தான். பாபநாசம் அணையின் 143 அடியில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர், மணிமுத்தாறு எவ்வளவு, குற்றாலத்தில் குளிக்க விடுகிறார்களா? ஜூன் மாதத்தில் கார் பருவ நெல் நடவுக்குக் காத்திருக்கும் விவசாயி தலைப்புச் செய்தியைக்கூட அப்புறம்தான் பார்ப்பார். சொந்தக்காரர் ஒருவரின் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கண்ணில் படாமல் போய், பதினாறாம் நாளுக்குக்கூடப் போக முடியவில்லை என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. போனில் தேடிப் படிக்கலாம்தான். ஆனால் தேடத் தோன்றாததும் கண்ணில் படுவது இந்தப் பக்கங்களில்தான் என்பது எங்கள் எண்ணம்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. நீங்கள் வெளியூர் போகும் நாட்களில் "பேப்பர் வேண்டாம்" என்று நிறுத்த வேண்டியதில்லை. விடியற்காலையில் கட்டைப் பிரித்து, எண்ணி, ஞாயிறு என்றால் வாரமலரைச் செருகும்போதே உங்கள் பிரதியைத் தனியே எடுத்து, கதவு எண் எழுதிக் கடையில் வைத்துவிடுவோம். திரும்பி வந்ததும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். பேப்பர் விலை மட்டும்தான், கூடுதலாக எதுவும் இல்லை. பூட்டிய வீட்டு வாசலில் பேப்பர் குவிந்து கிடப்பதும் நல்லதல்ல, சரிதானே?

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் கடையிலோ, பேப்பர் போடும் தம்பியிடமோ சொல்லிவிடுங்கள். தம்பியிடம் சொன்னால் வீட்டு எண்ணையும் திரும்பும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேப்பர் ஏஜென்ட்,
பாளையங்கோட்டை