மானிட்டர் பெட்டியில் ஆண்டு யூனிட்டை அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கரண்ட் பில் எகிறினால் தெருக்காரர்கள் இன்றும் என்னிடம் கேட்க வருகிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் பெருகிய பிறகு, "மானிட்டராலதான் பில் ஏறுதா சார்?" என்பதே அவர்கள் கேள்வி. அடுத்த வீட்டுத் தம்பியிடம் ஒரு கடையில், மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லி மூவாயிரம் ரூபாய் கூடுதல் விலையுள்ள மானிட்டரைக் காட்டியிருக்கிறார்கள். எத்தனை யூனிட் மிச்சமாகும் என்று கேட்டால் கடைக்காரருக்கும் தெரியவில்லை, பெட்டியிலும் போடவில்லை.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 24 அங்குல எல்இடி மானிட்டர் 20 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தினம் 9 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 54 யூனிட். 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி யூனிட்டுக்கு ரூ.4.80 என்று பார்த்தால், ஆண்டுச் செலவு 260 ரூபாய்க்குள். அந்தத் தம்பியிடம் இருக்கும் பழைய மானிட்டர் 30 வாட். மாற்றினால் ஆண்டுக்கு 27 யூனிட், சுமார் 130 ரூபாய் மிச்சம். மூவாயிரத்தை மீட்க இருபது ஆண்டுக்கு மேல் ஆகும்!

ஆனால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதே 2024 கட்டணப்படி, 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு ரூ.8.55, போதாததற்கு 101 முதல் 200 யூனிட் வரையிலான சலுகையும் போய்விடும். அங்கே ஐந்து யூனிட் கூடப் பெரிது. அவர்கள் முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறைக்கட்டும். காசு செலவில்லாத வழி அது. ஸ்கிரீன் சேவர் ஓடினால் மின்சாரம் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

நூறு மானிட்டர் ஓடும் அலுவலகத்தில் அதே 10 வாட் வித்தியாசம் ஆண்டுக்கு 2,700 யூனிட். வணிகக் கட்டணம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். மானிட்டர்கள் கிளப்பும் சூட்டை வெளியேற்றும் ஏசியின் செலவு தனி. மின்சிக்கன மானிட்டர் அவசியமான இடம் அதுதான்.

ஃபிரிட்ஜில் ஒட்டும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போடுகிறார்கள். ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல் மானிட்டருக்கும் ஆயிரம் மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று லேபிளில் காட்டுகிறார்கள். நட்சத்திர லேபிளை வழங்கும் நம் எரிசக்தி திறன் பணியகமும் ஒவ்வொரு மானிட்டர் பெட்டியிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும், தமிழிலும் இருக்க வேண்டும். அதுவரை, புது மானிட்டர் பற்றி எழுதும்போது விலைக்குப் பக்கத்தில் அதன் வாட் அளவையும் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர்,
திண்டுக்கல்.