நம்ம தெரு நலச்சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை 2023-24

எல்லாருக்கும் வணக்கம். சந்தா, பொங்கல் செலவு, குழாய் ரிப்பேர் கணக்கெல்லாம் பொருளாளர் அண்ணன் தனி பேப்பர்ல எழுதி வச்சிருக்காரு, பாத்துக்குங்க, எதுவும் பாக்கி இல்ல. இந்த வருஷம் சங்கத்தோட நேரத்த எல்லாம் எடுத்துக்கிட்டது, தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிங்களுக்கு மாசாமாசம் பணம் குடுக்குற கலைஞர் மகளிர் உரிமைத்தொகை திட்டத்தோட மேல்முறையீடுதான், அதனால அதப் பத்திதான் நிறைய சொல்லப்போறேன்.

ஊர் ஊரா டோக்கன் குடுத்து முகாம் போட்டப்போ நம்ம தெருவுலயும் நிறைய பேரு ஃபார்ம் குடுத்தாங்க. மாநிலம் முழுக்க 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பம் போனதுல 1 கோடியே 6 லட்சத்துக்கு மேல தேர்வாச்சு, 2023 செப்டம்பர் 15 திட்டம் தொடங்குச்சு. அதுக்கு முன்னாடியே சில பேரு அக்கவுண்ட்டுல டெஸ்ட்டுக்கு 1 ரூபா விழுந்து சந்தோஷமா இருந்தாங்க, விழாதவங்க போன கையில வச்சிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அப்புறம் உங்க விண்ணப்பம் ஏற்கப்படலன்னு காரணத்தோட எஸ்எம்எஸ் வந்துச்சு. நம்ம தெருவுல 9 பேருக்கு.

எஸ்எம்எஸ் வந்ததுல இருந்து 30 நாளுக்குள்ள இ-சேவை மையம் வழியா மேல்முறையீடு பண்ணனும், கோட்டாட்சியர்தான் பாத்து முடிவு சொல்லணும். நம்மாளுங்க மொதல்ல எழுதினத பாத்தா எல்லாமே "நான் ரொம்ப கஷ்டப்படுறேன், கருணை காட்டுங்க"ன்னு இருந்துச்சு. கஷ்டம் உண்மைதான், ஆனா அவங்க நிராகரிச்சது நீங்க கஷ்டப்படலன்னு இல்லையே, கார் இருக்கு, கரண்ட் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல போகுதுன்னு ஒரு காரணம் சொல்றாங்க, அந்தக் காரணம் தப்புன்னு காகிதத்த வச்சு காட்டினாதான் மறுபடி பாப்பாங்க. இத ஒவ்வொரு வீட்டுலயும் உக்காந்து சொல்லவே ஒரு வாரம் ஓடிடுச்சு.

பின்னாடி வரிசை அக்காவுக்கு கார் இருக்குன்னு வந்துச்சு. அவங்க வீட்டுக்காரர் எப்பவோ வித்த வண்டி, ஆர்சில, அதாவது வண்டி பதிவுச் சான்றுல, பேரு மாத்தாம விட்டுட்டாரு. வாங்கினவர தேடிப் புடிச்சு ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கி பேரு மாத்தக் குடுத்தோம், அந்த ரசீதையும் சேத்து மேல்முறையீடு போட்டோம், விசாரணைக்கு வந்தவங்ககிட்ட புது ஆர்சி காப்பியும் குடுத்தாச்சு.

மூணு குடித்தனம் இருக்குற வீட்டுல ஒரே மீட்டர். வருஷத்துக்கு 3600னா ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட், மூணு வீட்டு ஃபேனும் மோட்டாரும் சேந்து ஓடினா அது தாண்டத்தான் செய்யும், அதுக்கு அந்த மூணு பொண்ணுங்க என்ன பண்ணுவாங்க சொல்லுங்க. மூணு வீட்டுக்கும் ஒரே மீட்டர்தான்னு லெட்டர் குடுக்க வீட்டு ஓனர் மொதல்ல தயங்கினாரு, தலைவர் ஐயா ரெண்டு தடவ போய் பேசினதும் குடுத்துட்டாரு. அதோட தனித்தனி ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர் புக் காப்பியும் வச்சோம்.

ரெண்டு வீட்டுக்கு நாங்க எழுதிக் குடுக்கல. ஒருத்தர் அரசு பென்ஷன் வாங்குறவர், இன்னொரு வீட்டுல வருமான வரி கட்டுறாங்க, அப்போ இருந்த விதிப்படி வராது. கோவிச்சுக்கிட்டாங்க, ஆனா பொய்யா ஒரு மனு எழுதினா மத்தவங்க மனுவையும் நம்ப மாட்டாங்கன்னு நான் இப்பவும் நினைக்கிறேன்.

இ-சேவைல சர்வர் தொங்கி தொங்கி ராத்திரி வரைக்கும் நின்ன நாளும் உண்டு, அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்து கூடவே நின்ன தம்பிங்களுக்கு நன்றி. நவம்பர் 10 மேல்முறையீடு பண்ணவங்களையும் சேத்து 7 லட்சத்து 35 ஆயிரம் பேர புதுசா சேத்தாங்க, அதுல நம்ம தெரு 6 பேரு. போட்டது 6, கிடைச்சதும் 6. கார் அக்கா பாஸ்புக்க கொண்டாந்து காட்டினப்போ எனக்கு பேச்சே வரல.

மிச்சம் ஒருத்தர், கோயில் பக்கத்து வீட்டு பாட்டியோட மருமக. ஃபார்ம்ல குடுத்தது வெளியூர்ல இருக்குற தம்பி நம்பர், எஸ்எம்எஸ் அவருக்குப் போய் அவரும் பாக்கல, எங்களுக்குத் தெரியும்போது 30 நாள் தாண்டிடுச்சு. வீடு வீடா கேட்டவன் அந்த வீட்ட விட்டுட்டேன், அது என் தப்பு, மன்னிக்கணும். கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனு குடுக்கலாம்னு இருக்கோம், இத எழுதுற 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்துல நடத்தை விதின்னு அத நிறுத்தி வச்சிருக்காங்க. மறுபடி ஆரம்பிச்ச மொத திங்கக்கிழமை காலைல 8 மணிக்கு கிளம்புறோம், கூட வர்றவங்க பொருளாளர் அண்ணன்கிட்ட பேரு குடுங்க.