கணவனின் கையெழுத்து எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வரும் மர்மக் காதல் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் வாசிக்கிறேன். கண் பார்வை குறைந்த என் அக்காவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அரிசி ஆலை முதலாளியின் மனைவி, காணி அளக்க வந்தவனிடம் மனதைப் பறிகொடுத்ததும், மழை இரவில் முறிகண்டியில் அந்தக் கார் வந்து நின்றதும் இருவரையும் உலுக்கிவிட்டன.

ஆனால் போன வாரம் கதையோடு ஒட்ட முடியவில்லை. அவள் ஒரே இரவில் தன் சீதனக் காணியையும் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் வயலையும் காதலன் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறாள். விடிந்ததும் அவன் அவளைக் கொல்லத் திட்டம் போடுகிறான். கிளிநொச்சியில், காணி உறுதிகள் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் பல வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான். அப்படி ஓர் உறுதி முடிக்க எங்கள் நொத்தாரிசு ஐயா பேனாவையே தொட்டிருக்கமாட்டார்.

பெர்மிட் வயல் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருவது. பிரதேச செயலகத்தைத் தாண்டிக் கைமாற்ற முடியாது. சரி, அதை விடுவோம். சீதனக் காணிதான் முக்கியம். எங்களுக்குத் தேசவழமை, அதாவது வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம். கலியாணம் முடித்த பெண் தன் சொந்தக் காணியைக்கூட கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. ஆலை முதலாளியோ கொழும்பில் உயிரோடு இருக்கிறார். ஆகவே அந்த உறுதி செல்லாது. அவளைக் கொன்றால் காணி அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் போய்விடும், காதலனுக்கு ஒரு பரப்புக்கூட மிஞ்சாது. காணிக்காகவே காதலித்தவனுக்குத் தேவை கணவனின் கையெழுத்து, இல்லாவிட்டால் கணவனின் சாவு. ஆபத்து அந்த மனுஷனைத் தேடித்தான் போகவேண்டும். அதுவும் அவளுக்குத் தெரியாமல் போனால், நானும் அக்காவும் அன்றிரவு தூங்கமாட்டோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அவனுக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் சம்மதம் கொடுக்கலாம். 2009இல் போர் முடிந்த பிறகு அதற்காக எங்கள் கந்தோர் வாங்கிலில் வந்து குந்திய பெண்கள் கொஞ்சப் பேரில்லை. மகளின் கலியாணத்துக்குச் சீதனம் எழுத வந்த ஒருவர், "இருப்பிடம் தெரியாது" என்ற வரியை நான் வாசித்ததும், "அதை எழுதாமல் விடேலாதோ தங்கச்சி, அவர் வந்தால் என்ன நினைப்பார்" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் எழுதினேன். அவரைப் போன்றவர்களும் உங்கள் தொடரை வாசிக்கிறார்கள். ஓர் உறுதிக்குப் பின்னால் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எழுத்தாளர் விரும்பினால் நானே விளக்கிச் சொல்கிறேன். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்கவேண்டும். அந்த மேசையைச் சுற்றி மனைவி, கணவன், காதலன் மூவரையும் ஒருமுறை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.