காட்சிக்கு வைத்த புத்தகத்தை யாருக்குக் கொடுப்பதாக உத்தேசம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நூலக வார விழாவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. நவம்பர் 14 முதல் 20 வரைதான் நூலகங்கள் உங்கள் கண்ணில் படுகின்றன, அதுவும் குத்துவிளக்கோடு. படம் நன்றாகத்தான் இருந்தது. தாமரை வடிவில் அடுக்கிய புத்தகங்கள், சுற்றிலும் ரிப்பன், பின்னால் பிரமுகர்கள். உறுத்துவது செய்தியின் கடைசி வரி: காட்சியில் உள்ள நூல்கள் விழா முடிந்த பிறகே இரவல் தரப்படுமாம். இதைப் படித்துப் பார்த்துத்தான் அச்சேற்றினீர்களா?

காட்சி மேசை போடுவதே அது காலியாவதற்குத்தான். காலையில் வைத்த 15 புத்தகமும் மாலையில் அப்படியே இருந்தால் மேசை போட்டது வீண். தாமரையில் ஒன்றை உருவினால் பூவே சரியும்; ஆகவே யாரும் தொடமாட்டார்கள், தொட விடவும் மாட்டார்கள். இரவல் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது: வரிசை நிறைந்து ஒழுங்காக இருந்தால் வாசகர் கை நீளாது. ஓரிரு இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டால், யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், நாமும் எடுக்கலாம் என்று தைரியம் வரும்.

கிளை நூலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நாளிதழ் படிக்க வருகிறவர்கள். அடுத்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். இவர்கள் புத்தக ராக் பக்கமே போவதில்லை. எனவே காட்சி மேசை நாளிதழ் மேசைக்கும் வாசலுக்கும் நடுவே, திரும்பிப் போகிற வழியில் இருக்க வேண்டும். வாசலை ஒட்டிப் போட்டால், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் தாண்டிப் போய்விடுவார்கள். ஜன்னல் வெயில் படக் கூடாது. அட்டையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். மின்விசிறிக்கு நேர் கீழும் ஆகாது. மெல்லிய அட்டை படபடத்துச் சுருண்டுவிடும். சாய்த்து வைக்க வளைத்த கம்பி ஸ்டாண்டோ தடித்த அட்டையோ போதும்.

ராக்கிலும் புத்தகங்களை முகப்பு அட்டை தெரிய வைக்கலாமே என்றால் இடமில்லை என்பார்கள். 3 அடி ராக்கின் ஒரு தட்டில் முதுகு தெரிய 40 புத்தகம் நிற்கும். முகப்பு தெரிய வைத்தால், டெமி அளவில் (சுமார் ஐந்தரை அங்குல அகலம்) 6 தான். மறுக்கவில்லை. அதனால்தான் ராக்குக்கு ஒரே ஒரு தட்டு, கண் மட்டத்தில் இருப்பது மட்டும் போதும் என்பது. அந்த 6-க்கு இன்னும் 12 கையிருப்பில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மூன்றாம் நாளே கைக்கு அகப்பட்டதைச் சொருக ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றில் ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். மற்ற இரண்டும் இரண்டு வருடமாக யாரும் இரவல் எடுக்காமல், தேதிச் சீட்டில் முத்திரை விழாதவை. எல்லாமே முத்திரை விழாதவை என்றால் ஒருவரும் நிற்க மாட்டார். காட்சியின் தலைப்பு குறுகலாக இருக்கட்டும். ‘இலக்கியம்’ என்று எழுதினால் எவருக்கும் எதுவும் தோன்றாது. ‘ரயில்’, ‘ஏரியும் கிணறும்’, ‘சிறையில் எழுதியவை’ என்றால் நிற்பார்கள். எழுத்து 2 அங்குல உயரம். அதன் கீழே, ‘வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்’. காட்சிக்காகப் புத்தகம் எடுத்த ராக் இடத்தில் ‘காட்சியில் உள்ளது’ என்று ஒரு அட்டை செருக வேண்டும். இல்லையேல் தேடி வருபவர் தொலைந்துபோனது என்று நினைப்பார், இருப்புக் கணக்கெடுப்பில் நூலகர் தலை உருளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தலைப்பை மாற்ற வேண்டும்.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்றால், திரும்பி வந்த புத்தகங்களை உடனே அடுக்காமல் ஒருநாள் தனி மேசையில் போட்டு வைக்கட்டும். வாசகர் முதலில் புரட்டுவது அடுத்தவர் படித்துவிட்டுக் கொண்டுவந்ததைத்தான்.

கண்ணாடி பீரோவின் பூட்டைப் பற்றி உங்கள் இதழ் கிண்டலடித்து எழுதியதும் மறக்கவில்லை. அந்தப் பூட்டு ஏன் வந்தது என்று கேட்டீர்களா? தொலைந்த புத்தகத்தின் விலை தன் தலையில் விழும் என்ற நூலகரின் பயம். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளே, புழங்கும் ஆயிரம் புத்தகத்துக்கு 5 தொலைவதை இயல்பு என்று ஒப்புக்கொள்கின்றன, நாணயக் குறைவும் அலட்சியமும் இல்லாதவரை. இதைத் தணிக்கைக்கு வருபவர்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் பாதிப் பூட்டுகள் தாமாகத் திறக்கும். பைண்டிங்குக்குப் போன புத்தகம் முகப்பை இழந்து, காலிகோ துணியோடு ஊமையாகத் திரும்பி வருகிறது. பழைய அட்டையை வெட்டி மேலே ஒட்டச் சொல்லக்கூட ஆளில்லை.

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 1948 முதல் பொது நூலகச் சட்டம் இருக்கிற மாநிலம் இது. வசூலித்த உள்ளாட்சிகள் அதை ஒழுங்காகக் கட்டுகின்றனவா என்று ஒரு செய்தி போட உங்களுக்கு இடமில்லை. இளைஞர்கள் வாசிப்பதில்லை என்று தலையங்கம் எழுத மட்டும் இடம் இருக்கிறது. நூலகர் தினமான ஆகஸ்ட் 12 அன்று, இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டதையும் தவறாமல் போடுகிறீர்கள். நூல்கள் பயன்படுவதற்கே என்பதை அவர் 1931-லேயே தம் நூலகவியல் விதிகள் ஐந்தில் முதல் விதியாக வைத்தார் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பது சிறிய விஷயம்தான். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், காட்சிக்கு வைத்ததில் எத்தனை புத்தகம் வீடுகளுக்குப் போயின என்று உங்கள் நிருபர் கேட்டு, அந்த எண்ணையும் சேர்த்துப் போடட்டும். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் அளவுகளை வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்