கூரைக்கு ஏறுபவருக்கு ஒரு பலகை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்க முன் கூரையைப் பார்த்துவிட வேண்டும் என்று திருகோணமலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடும் காலம் இது. குரங்கு குதித்து உடைத்த கூரைச் சீற், உப்புக்காற்றில் துருவேறிய ஆணி என்று வேலைக்குக் குறைவில்லை. விழுந்த கதைகளும் இப்போதுதான் அதிகம் காதில் விழுகின்றன.

அண்மையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி விழுந்தார். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் மேலே நின்று பார்க்க உறுதியாகத்தான் தெரியும். கீழே சீற்றைத் தாங்கும் சிலாகை மரம் ஓடும் ஆணி வரிசையில் மிதித்தால் தாங்கும். அரையடி தள்ளி மிதித்தால் ஆள் நேரே வீட்டுக்குள். அதுதான் நடந்தது, கீழே சமையலறைச் சீமெந்துத் தரை. மூன்று பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, முச்சக்கரவண்டிக்குள் மடக்கி இருத்திக் கொண்டு ஓடினார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் முள்ளந்தண்டு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலோடேயே கால் இரண்டும் விளங்காமல் போய்விடலாம். ஆளை அசைக்காமல் கிடத்திவிட்டு 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பிறகு கேட்ட பேச்சுத்தான் பொறுக்க முடியவில்லை. "பார்த்து மிதித்திருக்கலாமே." சரி, மிதிக்க அங்கே என்ன இருந்தது? இரண்டு மூன்று சிலாகைகளுக்குக் குறுக்கே நீளப் பலகை ஒன்று போட்டிருந்தால் பாரம் பரவியிருக்கும். ஏறி நின்று வேலை செய்யச் சாரம் கட்ட ஒரு நாள் கூலி போகும் என்றால் "ஏணி இருக்குத்தானே" என்று சொல்வது வீட்டுக்காரரான நாங்கள்தான். மறுத்தால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்று கொந்தராத்துக்காரரும் தலையாட்டுகிறார்.

வேலையில் அடிபட்டவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லும் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது. 2022இல் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். நியமனக் கடிதம் இல்லாமல் வாய்ப்பேச்சில் எடுத்த வேலையாளும் கேட்கலாம். கூலிக்குப் போகும் பெடியன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மருந்துச் செலவுக்கென்று கையில் வைக்கும் காசோடு கதை முடிந்துவிடுகிறது.

தொழில் திணைக்களம் இதை நல்ல தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, சீற் விற்கும் ஹார்ட்வெயார் கடைகளில் ஒட்டட்டும். கடைக்காரர்கள் நாலு பலகையும் கயிறும் வாடகைக்கு வைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: கச்சான் காற்று பலமாக அடிக்கும் நேரத்தில் சீற் ஏற்றச் சொல்லாதீர்கள். பட்டம் மாதிரி ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். வேலை மறுநாள் முடிந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.